டயருக்கு மேலே நான்கு விரல்: காரைத் தாழ்த்தினால் என்ன ஆகும்?

புதிதாக வாங்கிய காரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். டயரின் உச்சிக்கும் அதற்கு மேலே வளைந்து நிற்கும் தகட்டுக்கும் நடுவில் நான்கு விரலை அடுக்கி நுழைக்க இடம் இருக்கும். சில வண்டிகளில் ஒரு கையே போகும். கார் பிடிக்கும் ஆட்களுக்கு இந்த இடைவெளி கண்ணை உறுத்தும். டயர் சின்னதாகவும் உடம்பு பெரியதாகவும் தெரியும். உடம்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் அதே வண்டி ரோட்டோடு ஒட்டி, பாய்வதற்குப் பதுங்கியது போல நிற்கும். நானும் அந்த அழகில் மயங்கியவன்தான். என் சின்ன ஹேட்ச்பேக் காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தி எட்டு மாதம் கோயம்புத்தூரைச் சுற்றி ஓட்டினேன். அப்புறம் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டேன். அந்த எட்டு மாதத்தில் புரிந்ததையும், ஏன் அப்படி ஆனது என்று பின்னால் தேடிக் கற்றதையும் இங்கே எழுதுகிறேன். தாழ்த்தலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்த நான்கு விரல் இடம் எதற்காக விடப்பட்டிருக்கிறது?

முதலில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் என்ன வேலை செய்கின்றன என்று பார்த்துவிடுவோம். இரண்டையும் சேர்த்து 'ஷாக்' என்றே பலர் சொல்கிறோம். ஆனால் இரண்டின் வேலையும் வேறு. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். சக்கரம் கல்லில் ஏறினால் ஸ்பிரிங் சுருங்கி இடம் கொடுக்கும், உடம்பு பெரிதாக அசையாது. ஆனால் சுருங்கிய ஸ்பிரிங் விரியும், விரிந்தது மறுபடி சுருங்கும். அதை அப்படியே விட்டால் வண்டி ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகக் கஷ்டப்பட்டுப் போய் வருவதால் அசைவு சீக்கிரம் அடங்கிவிடும். இந்த ஸ்பிரிங்குக்கு இந்த ஷாக் என்று இரண்டும் ஜோடியாகத்தான் வடிவமைக்கப்படுகின்றன.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஷாக் தண்டில் மாட்டிய ரப்பர் அல்லது நுரைக் கட்டை அது. பம்ப் ஸ்டாப் என்பார்கள். சக்கரம் இனி மேலே போக முடியாத இடத்துக்கு வரும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் இந்தக் கட்டை நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். வண்டி சும்மா நிற்கும்போது ஷாக்கின் உடம்புக்கும் அந்தக் கட்டைக்கும் நடுவே எவ்வளவு தூரம் மிச்சம் இருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் சக்கரம் சுதந்திரமாக மேலே போக முடியும். மெக்கானிக்குகள் இதை டிராவல் என்பார்கள். டயருக்கு மேலே தெரியும் நான்கு விரல் இடம் அந்த டிராவலுக்காக விடப்பட்ட இடம். 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால் அந்த 40 மில்லிமீட்டரும் இங்கிருந்துதான் போகிறது.

தாழ்த்துவதால் கிடைப்பது

லாபம் உண்மையானதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. திருப்பத்தில் வண்டியின் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சாய்கிறது. எவ்வளவு சாயும் என்பது ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு அகலம் இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. ஓட்டுநரோடு சேர்த்து 1,000 கிலோ எடை, 1,530 மில்லிமீட்டர் சக்கர அகலம், 550 மில்லிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையம் என்று ஒரு ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவர்கள் கைப்பிடியைத் தேடும் அளவுக்கு வேகமான ஒரு திருப்பம், அதாவது புவியீர்ப்பில் பாதி அளவு பக்கவாட்டு விசை. அப்போது சுமார் 180 கிலோ உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போகும். இந்த வண்டியை 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால் ஈர்ப்பு மையம் 35 மில்லிமீட்டர் அளவே இறங்கும். உடம்பு இறங்கினாலும் சக்கரம், பிரேக் எல்லாம் இருந்த இடத்தில்தானே இருக்கின்றன. இப்போது சாயும் எடை சுமார் 168 கிலோ.

180 கிலோ 168 ஆகிறது. ரேஸ் ஓட்டுபவருக்கு அந்த 12 கிலோ பெரிய விஷயம். டயர் மீது எடை இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்காவதில்லை, கொஞ்சம் குறைவாகவே கூடும். அதனால் எடை நான்கு சக்கரத்திலும் சமமாக இருக்க இருக்க மொத்தப் பிடிமானம் அதிகம். இருங்காட்டுக்கோட்டையிலோ, கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓடும் ரேஸ் கார்கள் தரையை உரசுவது போல இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அங்கே சாலை வழவழப்பாக இருக்கும், பள்ளம் இருக்காது, பின்சீட்டில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். டிராவல் குறைந்தாலும் அவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது என் வண்டி முன்னைவிடக் குறைவாகச் சாய்ந்தது உண்மை. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே திரும்பியது. அந்தச் சுகத்தை நான் மறக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு வண்டி தாழ்ந்ததால் வந்ததல்ல, புது ஸ்பிரிங் கடினமாக இருந்ததால் வந்தது. இதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். ஏனென்றால் தாழ்த்துவது மட்டும் நடந்தால் வண்டி அதிகமாகவும் சாயலாம்.

கேட்கும்போது இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் காரணம் எளியதுதான். நம் ஊர்ச் சின்னக் கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்பு இருக்கும். கீழே சக்கரத்தை உடம்போடு இணைக்கும் லோயர் ஆர்ம் என்ற ஒரு கை, மேலே ஷாக், நடுவில் சக்கரம். சாதாரணமாக நிற்கும் வண்டியில் லோயர் ஆர்ம் உடம்பிலிருந்து சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும், அல்லது படுத்த நிலையில் இருக்கும். திருப்பத்தில் உடம்பு எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது என்பதை இந்த ஆர்மின் கோணம்தான் பெரிதும் தீர்மானிக்கிறது. அந்தப் புள்ளிக்கு ரோல் சென்டர் என்று பெயர். வண்டியைத் தாழ்த்தினால் உடம்புப் பக்கம் இறங்கி ஆர்ம் எதிர்க்கோணத்தில் மேல்நோக்கிச் சரியும். அப்போது ஈர்ப்பு மையம் 35 மில்லிமீட்டர் இறங்கினால் ரோல் சென்டர் அதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுகிறது. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதற்கும் கைப்பிடிப் பக்கம் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி, அந்தத் தூரம் நெம்புகோலாக வேலை செய்து உடம்பை அதிகமாகச் சாய்க்கும். கடினமான ஸ்பிரிங் இதை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். போட்டிகளுக்காகத் தாழ்த்துபவர்கள் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டை உயரம் கூடியதாகப் போட்டு ஆர்மின் கோணத்தைத் திருத்துவது இதனால்தான். நம் ஊரில் தினசரி ஓட்டத்துக்குத் தாழ்த்துபவர்களில் அதுவரைக்கும் போகிறவர்கள் குறைவு.

இடம் குறைந்தால்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது குறிப்பிட்ட அளவு சக்தி ஸ்பிரிங்குக்குள் போக வேண்டும். ஸ்பிரிங் எவ்வளவு சக்தி வாங்கும் என்பது அது சுருங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் பாதியானால் வாங்கும் சக்தி கால்வாசியாகிவிடும். அதாவது 80 மில்லிமீட்டர் இருந்த டிராவலை 40 ஆக்கினால், பழைய பள்ளத்தைப் பழைய மாதிரியே முட்டாமல் கடக்க நான்கு மடங்கு கடினமான ஸ்பிரிங் வேண்டும். அப்படி ஒரு ஸ்பிரிங்கை யாரும் தெருவில் ஓடும் காருக்குப் போட மாட்டார்கள், உட்காரவே முடியாது. கடையில் கிடைக்கும் லோயரிங் ஸ்பிரிங்குகள் கம்பெனி ஸ்பிரிங்கைவிட ஏதோ கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு கடினமாக இருக்கும். மீதி அடியெல்லாம் பம்ப் ஸ்டாப்புக்குத்தான் போகும்.

தாழ்த்திய வண்டி 'கட்டாந்தரை மாதிரி' இருக்கிறது என்று சொல்கிறார்களே, அந்த அனுபவத்தில் ஸ்பிரிங்கின் பங்கு கொஞ்சம்தான். குடும்பக் காரின் உடம்பு நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை வரை ஏறி இறங்கும் வேகத்தில் வைக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்கை 30 சதவீதம் கடினமாக்கினால் இது 14 சதவீதம்தான் கூடும். நொடிக்கு 1.3 இருந்தது 1.5 ஆகும். அதை நம் உடம்பு பழகிக்கொள்ளும். பம்ப் ஸ்டாப்பில் முட்டுவது அப்படியல்ல. அந்த நொடியில் சஸ்பென்ஷன் என்று ஒன்றே கிட்டத்தட்ட இல்லை. சாலையின் அடி நேராகச் சீட்டுக்கும் முதுகெலும்புக்கும் வருகிறது. திருப்பத்தில் முட்டினால் விஷயம் இன்னும் மோசம். வெளிப்பக்கச் சக்கரம் ஒன்று திடீரென்று கட்டையாகிவிடும். அந்த அச்சில் பிடிமானம் சட்டென்று குறையும். முன்பக்கம் அப்படி ஆனால் வண்டி திரும்பாமல் நேராக நழுவும், பின்பக்கம் ஆனால் வால் வீசும். வேகமாக ஓட்டுவதற்காகத் தாழ்த்திய வண்டி மேடு பள்ளமான மலைப்பாதையில் கம்பெனி வண்டியைவிட மெதுவாகப் போக வேண்டி வருவது இதனால்தான்.

பின்சீட்டுக் கணக்கு இதைவிடக் கறாரானது. எனக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் முழுதாக உறைத்தது. ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது பின்பக்கம் 90 மில்லிமீட்டர் டிராவல் இருக்கிற வண்டி என்று வையுங்கள். பின்பக்க ஸ்பிரிங் இரண்டும் சேர்ந்து மில்லிமீட்டருக்கு 4 கிலோ தாங்கும். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் பைகள் என்று 230 கிலோ ஏறினால் பின்பக்கம் சுமார் 57 மில்லிமீட்டர் இறங்கும். மிச்சம் 33. சிரமம்தான், ஆனால் ஓடும். இதே வண்டியை 40 மில்லிமீட்டர் தாழ்த்தி, 30 சதவீதம் கடினமான ஸ்பிரிங் போடுங்கள். இப்போது மில்லிமீட்டருக்கு 5.2 கிலோ. அதே ஆட்கள் ஏறினால் 44 மில்லிமீட்டர் இறங்கும். தொண்ணூறில் நாற்பதும் நாற்பத்து நான்கும் போக மிச்சம் 6 மில்லிமீட்டர். ஒரு பென்சிலின் தடிமன் கூட இல்லை. வண்டி கிளம்பும்போதே முட்டிக்கொண்டுதான் கிளம்புகிறது.

பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனிக்கு வீட்டோடு போனபோது நடந்தது இதுதான். தனியாக ஓட்டும்போது 'கொஞ்சம் கடினம், ஆனால் பரவாயில்லை' என்று எனக்குத் தோன்றிய வண்டி, அன்றைக்கு ஒவ்வொரு பாலத்து இணைப்பிலும் பின்னால் 'டம்' என்று அடித்தது. பின்சீட்டில் இருந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் கையை ஊன்றி உட்கார்ந்து வந்தார். இறங்கிய பிறகு, "முன்னெல்லாம் இந்த வண்டி இப்படி இல்லையே கண்ணு" என்றார். ஓட்டுநர் சீட் இரண்டு அச்சுக்கும் நடுவில் இருக்கிறது, பின்சீட் பின்சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட மேலேயே இருக்கிறது. தாழ்த்திய வண்டியின் வலியை அதை விரும்பித் தாழ்த்தியவர் உணர்வதைவிடப் பின்னால் இருப்பவர்கள் அதிகம் உணர்கிறார்கள். தாழ்த்த நினைப்பவர் ஒருமுறையாவது ஏற்கெனவே தாழ்த்திய ஒரு வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

வேகத்தடைக் கணக்கு

கிரவுண்ட் கிளியரன்ஸ் எனும் தரை இடைவெளி பற்றி எல்லோருக்கும் தெரியும், அதனால் அதன் வடிவக் கணக்கை மட்டும் சொல்கிறேன். மாருதி ஸ்விஃப்டுக்கு அது 163 மில்லிமீட்டர். முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 2,450 மில்லிமீட்டர். இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த அளவுப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான அளவு அது. அந்த வளைவின் மீது ஸ்விஃப்ட் முழுதாக ஏறி நின்றாலும், நான்கு சக்கரமும் வளைவின் மேலேயே இருப்பதால், நடுவில் மேடு சக்கரங்களின் மட்டத்தைவிட 44 மில்லிமீட்டர்தான் உயர்ந்திருக்கும். 40 தாழ்த்தி 123 மில்லிமீட்டரில் நிற்கும் வண்டிகூட அதை உரசாமல் கடந்துவிடும்.

நம் தெருக்களில் இருப்பது பெரும்பாலும் அந்த வேகத்தடை அல்ல என்பதுதான் சிக்கல். ஊர்க்காரர்கள் சிமென்ட்டில் போட்டது, ஒரு மீட்டர் அகலம்கூட இருக்காது, உயரம் அரைச் சாணுக்கு மேல் வரும். அதில் முன்சக்கரம் ஏறி இறங்கிய பிறகு மேடு முழுதும் வண்டியின் வயிற்றுக்குக் கீழே வந்துவிடும். 150 மில்லிமீட்டர் உயர மேட்டைக் கம்பெனி உயரத்தில் இருக்கும் வண்டி 13 மில்லிமீட்டர் மிச்சத்தில் தாண்டும், அதுவும் ஆள் குறைவாக இருந்தால். தாழ்த்திய வண்டி அந்த மேட்டில் உட்காரும். அடிபடுவது பெரும்பாலும் சைலன்சர் பைப்பின் இணைப்பு. மோசமான நாளில் ஆயில் சம்ப், அதாவது என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி. சம்ப் உடைந்து எண்ணெய் வழிந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் என்ஜின் போய்விடும். பலர் மேட்டைக் குறுக்காக ஏறிக் கடப்பார்கள். வயிறு தப்பும், ஆனால் ஒவ்வொரு முறையும் பின்னால் பைக்கில் வருபவர் குழம்புவார். எட்டு மாதத்தில் எனக்கு எந்தத் தெருவில் எத்தனை மேடு என்பது மனப்பாடமாகியிருந்தது. சாலையைப் பார்த்து ஓட்டுவதை விட்டு மேட்டைத் தேடி ஓட்டுவதாக ஆகிவிட்டது.

மழைத் தண்ணீரையும் மறக்க வேண்டாம். என்ஜின் காற்று இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருந்ததோ அதிலிருந்தும் 40 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. சுரங்கப்பாதைத் தண்ணீரில் பக்கத்து வண்டி போனால் நம் வண்டியும் போகும் என்ற கணக்கு இனி செல்லாது. அந்த வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் வளையும்.

எப்படித் தாழ்த்துகிறார்கள்

மிக மலிவான வழி ஸ்பிரிங்கை வெட்டுவது. ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று என்று கிரைண்டரில் அறுத்துவிடுவார்கள். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். ஸ்பிரிங்கின் முனை அதன் தட்டில் சரியாக உட்காரும்படி வடிவமைக்கப்பட்டது. அறுத்த முனை ஒரு புள்ளியில் குத்திக்கொண்டு நிற்கும். உயரம் குறைந்த ஸ்பிரிங், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது, அதாவது பள்ளத்தில் இறங்கும்போதோ ஜாக்கி போடும்போதோ, தட்டை விட்டுக் கழன்றுவிடலாம். திரும்பி உட்காரும்போது கோணலாக உட்கார்ந்தால் ஓடும் வண்டியில் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் மீதி ஐந்து சுற்று 20 சதவீதம் கடினமாகும். டிராவல் குறைந்ததை ஈடுகட்ட அது போதவே போதாது. இன்னும் சில இடங்களில் ஸ்பிரிங்கை நெருப்பில் காட்டி இறங்க வைப்பார்கள். அது வெட்டுவதைவிட மோசம். ஸ்பிரிங்கின் உயிரே அதற்கு ஏற்றிய பதத்தில்தான் இருக்கிறது. சூடாக்கினால் பதம் போய்விடும், அப்புறம் அது வெறும் வளைந்த கம்பி. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தொய்ந்துகொண்டே போகும்.

லோயரிங் ஸ்பிரிங் என்று தனியாகச் செய்து விற்கிறார்கள். அந்த வண்டி மாடலுக்கென்றே செய்த, பெயருள்ள தயாரிப்பாக இருந்தால் முனைகள் சரியாக உட்காரும், சக்கரம் தொங்கும்போதும் கழலாது. நான் போட்டது இந்த வகை. ஆனால் பழைய ஷாக்கையே வைத்துக்கொண்டேன், அதுதான் என் தவறு. ஸ்பிரிங் 30 சதவீதம் கடினமானால் அதே ஷாக் அதை அடக்கும் திறன் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஏற்கெனவே ஓடித் தேய்ந்த ஷாக் என்றால் இன்னும் குறைவு. நெடுஞ்சாலையில் ஓர் ஏற்ற இறக்கத்துக்குப் பிறகு உடம்பு ஒருமுறை அதிகமாக ஆடி நின்றது. அதோடு ஷாக்கின் பிஸ்டன் அது பழகாத இடத்தில் ஓட ஆரம்பிக்கிறது, அடிக்கடி முட்டுகிறது. ஆறாவது மாதம் முன் வலது ஷாக்கில் எண்ணெய் கசிந்தது.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியாக வரும் காயில் ஓவர் இதைவிட நல்லது, விலையும் அதிகம். உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். நல்ல காயில் ஓவரில் ஸ்பிரிங் இருக்கையை ஒரு மரையிலும், ஷாக்கின் மொத்த நீளத்தை இன்னொரு மரையிலும் தனித்தனியாக மாற்ற முடியும். அப்படி இருந்தால்தான் தாழ்த்திய பிறகும் ஷாக்குக்குள் டிராவல் மிஞ்சும். மலிவான வகையில் ஸ்பிரிங் இருக்கை மட்டும் இறங்கும், அதனால் கடைசியில் லோயரிங் ஸ்பிரிங்கின் அதே பிரச்சினைதான். காற்றுப் பையால் தாழ்த்தும் ஏர் சஸ்பென்ஷன் நிறுத்தும்போது இறக்கி ஓட்டும்போது ஏற்றிக்கொள்ள உதவும். அழகு மட்டும்தான் வேண்டும் என்பவருக்கு யோசித்துப் பார்த்தால் அதுவே பொருத்தம். கம்ப்ரசர், வால்வு, பைப் என்று பழுதாகும் சாமான்களும் செலவும் கூடவே வரும்.

எந்த வழியில் தாழ்த்தினாலும் அன்றைக்கே வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஆர்ம், சக்கரத்தைத் திருப்பும் டை ராட் ஆகியவற்றின் கோணம் மாறியதும் சக்கரங்கள் பார்க்கும் திசையும் சாய்வும் மாறிவிடும். மேல்பக்கம் உள்ளே சாய்வது கேம்பர், முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்புவது டோ. கேம்பர்தான் டயரின் உள்விளிம்பைத் தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். டோ கெட்டுப்போனால் டயர் இன்னும் வேகமாகத் தேயும், ஏனென்றால் சக்கரம் உருளும்போதே பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே வரும். முன்பக்க டோவைச் சரிசெய்யலாம். பல சின்னக் கார்களின் பின்பக்கம் ஒரே உத்திரம் போன்ற டார்ஷன் பீம், அதில் சரிசெய்ய மரையே இருக்காது. முன்பக்கம் மட்டும் அதிகம் இறங்கினால் ஹெட்லைட் ஒளியும் கீழே இறங்கி இரவில் தூரம் தெரியாது. அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் அசல் அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் மாற்றினால் விபத்து நடந்த பிறகு இழப்பீட்டில் தகராறு வர வாய்ப்பு அதிகம். வாரண்டியும் சிக்கலாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை இருந்தால், அதில் தவறொன்றும் இல்லை. 15 முதல் 20 மில்லிமீட்டர் வரை, பொருத்தமான ஷாக்கோடு, நல்ல தயாரிப்பாகப் போட்டு, பெரும்பாலும் ஒருவர் இருவர் மட்டும் போகும் வண்டியாக இருந்தால் வாழ்ந்துவிடலாம். திருப்பத்தில் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் முதலில் நல்ல டயர் போடுங்கள். அடுத்து, தேய்ந்த ஷாக்கையும், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களையும் புதிதாக்குங்கள். இந்த இரண்டும் செய்த பிறகு கம்பெனி உயரத்திலேயே என் வண்டி ஓடும் விதம் எனக்குத் தாழ்த்திய நாட்களைவிடப் பிடித்திருக்கிறது.

உங்கள் வண்டியில் தாழ்த்த இடம் இருக்கிறதா என்று யாரையும் கேட்காமல் நீங்களே அளந்து பார்க்க ஒரு வழி உண்டு. பத்து ரூபாய்க்கும் குறைவான பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்று போதும். மெக்கானிக்கிடம் சொல்லி ஷாக்கின் தூசி உறையை மேலே தள்ளி, பளபளப்பான தண்டில் அந்த டையை இறுக்கமாக, ஆனால் தள்ளினால் நகரும் அளவுக்குக் கட்டச் சொல்லுங்கள். தண்டின் அடியில், ஷாக் உடம்பை ஒட்டி அது இருக்க வேண்டும். அப்புறம் ஒரு வாரம் எப்போதும் போல ஓட்டுங்கள். அலுவலகம், கடைத்தெரு, ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு ஒரு பயணம் எல்லாம் சேர வேண்டும். ஷாக் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் டையை மேலே தள்ளிவிட்டு வரும். வாரக் கடைசியில் டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தால், அதுதான் உங்கள் சாலையில், உங்கள் ஆட்களோடு, நீங்கள் ஓட்டும் விதத்தில் தொடாமல் மிஞ்சிய இடம்.

பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்ட பிறகு நான் இதைச் செய்து பார்த்தேன். முன்பக்கம் 14 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. பின்பக்கம் டை கட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றது.